ஏழு சொக்கலிங்கமும் ஆறு பாத்திமாவும்

1

காரைக்குடிப் பக்கம் இருக்கிற சொந்தக்காரவுக அத்தனை பேரும் என்னையப் பத்தி ஒரு தப்பான நெனப்புல இருக்கீக. அதை முதல்ல சரி பண்ணிடுறேன். அந்தக் கம்பெனி என்னோடது இல்ல. அங்க எனக்குன்னு ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், ஒரு காபிக் கோப்பை, அம்புட்டுத்தான். அந்த நாற்காலியும் நேத்து உக்காந்தது இன்னைக்குக் கெடைக்காது, எவனாச்சும் இழுத்துக்கிட்டுப் போயிருப்பான்.

லிஸ்பனுக்கு வந்து இந்த மாசத்தோட ஒம்பது வருசம். முதல் நாலு வருசம் இவுக, அதாவது என் வீட்டுக்காரரு, வேலைக்குப் போவாக. நான் சன்னலோரம் உக்காந்து, மேட்டுல மூச்சு வாங்க ஏறிப் போற சனத்தை வேடிக்கை பாப்பேன். அஞ்சாவது வருசம் ஒரு விளம்பரம் கண்ணுல பட்டுச்சு. தமிழ் நல்லாத் தெரிஞ்ச ஆள் வேணுமாம். போர்ச்சுகல்ல தமிழுக்குச் சம்பளமான்னு வாயப் பொளந்துக்கிட்டே போனேன். வேலை இதுதான். சனங்க இணையத்துல தமிழ்ல எழுதுறதுல, யாராச்சும் புகார் குடுத்ததும் மெஷின் சந்தேகப்பட்டதும் எங்ககிட்ட வரும். படிச்சுப் பாத்துட்டு 'இருக்கட்டும்', 'எடு' ரெண்டுல ஒண்ண அமுக்கணும். யோசிக்க ஒரு நிமிசம்கூடக் கெடையாது. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் அதேதான். கம்பெனி பேரைச் சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்கேன், அதனால கேக்காதீக.

இந்த வேலை கெடைச்சது தெரிஞ்ச நாள்ல இருந்து எனக்கு மனு வந்துக்கிட்டே இருக்கு. தேவகோட்டைச் சித்தப்பா, "ஆத்தா உமையா, சம்பந்தி என்னையக் கேலி பண்ணிப் படம் போட்டுருக்காரு, தூக்கிரு" அப்படிங்கிறாரு. நாச்சியாபுரத்து அத்தை மக, "என் மாவுருண்டை வீடியோவ அமுக்கி வச்சுருக்காகடி, நாலு பேரு கண்ணுல படுற மாதிரி செய்யி" அப்படிங்கிறா. நான் என்ன தாசில்தாரா? தாசில்தாரா இருந்தாலும் வாசல்ல வந்து நின்னு ஒரு பாட்டம் கத்திட்டாவது போகலாம். இங்க அதுக்கும் வழியில்ல. நாலு வருசமா வேலை பாக்குறேன், விதிய எழுதுறது யாருன்னு எனக்கே தெரியாது. ஒவ்வொரு திங்கக்கிழமையும் புது விதி வரும், 'இனிமே இது தப்பு'ன்னு. போன வாரம் வரைக்கும் சரியா இருந்தது எப்படிப்பா தப்பாச்சுன்னு கேட்டா, எங்களுக்கு மேல இருக்கிறவுகளும் உதட்டப் பிதுக்குவாக.

2

ஒம்பது வருசம் ஆனதால கார்டு புதுப்பிக்கப் போனோம். இங்க தங்குறதுக்குக் குடுக்குற கார்டு. நானும் மகளும் காலையிலயே போயி நம்பர்ச் சீட்டு வாங்கிக்கிட்டு உக்காந்தோம். மூணு மணி நேரம் கழிச்சு ஒரு அம்மா, "ஷொக்காலிங்காங்!" அப்படின்னு கூப்பிட்டாக. ரெண்டு பேரும் எந்திரிச்சோம்.

கண்ணாடியத் தூக்கிவிட்டுப் பாத்துட்டு அந்த அம்மா கேட்டாக. "உங்க பேரு சொக்கலிங்கம். பொண்ணு பேரும் சொக்கலிங்கம். வீட்டுக்காரர் பேரும் சொக்கலிங்கம். ஆனா அவருக்கு அது குடும்பப் பேர் இல்ல, சொந்தப் பேருன்னு போட்டுருக்கு. இதுல யாரு நெசமான சொக்கலிங்கம்?"

எங்க வழக்கத்தை எனக்குத் தெரிஞ்ச அரைகுறைப் போர்ச்சுகீசுல சொல்லிப் பாத்தேன். எங்கள்ல மூத்த பையனுக்கு அவன் அப்பாவப் பெத்த ஐயா பேரைத்தான் வைக்கணும். ஐயாவுக்கு ஏழு மகன் இருந்தா, ஏழு வீட்லயும் மூத்த பையனுக்கு அதே பேருதான். மாத்தி வச்சா மரியாதை இல்ல. இதைச் சொல்ல வந்தேன். இந்த ஊர்ப் பேச்சுல தாத்தாவுக்கும் பாட்டிக்கும் சொல்லு கிட்டத்தட்ட ஒண்ணுதான், வாய எம்புட்டுத் தொறக்குறோம்ங்கிறதுலதான் வித்தியாசம். நான் கொஞ்சம் தாராளமாத் தொறந்துட்டேன். என் வீட்டுக்காரருக்கு அவுக பாட்டி பேரு வச்சுருக்குன்னு எழுதப் போனாக. மகதான் தடுத்து நிறுத்துனா. அவ பேரு வள்ளியம்மை, பதினஞ்சு வயசு. பள்ளிக்கூடத்துல எல்லாரும் 'வாலி'ன்னு கூப்பிடுறாக. கூப்பிட்டுட்டுப் போறாகன்னு அவளும் திரும்பிப் பாக்குறா. எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் கிஷ்கிந்தை ஞாபகம் வருது. திருத்திச் சொல்லிட்டு, என்னைய யாருன்னே தெரியாத மாதிரி அங்குட்டுத் திரும்பிக்கிட்டா.

கடைசியில அந்த அம்மா சிரிச்சு, முத்திரை குத்தி, எனக்கு வேலை இருக்குன்னு கம்பெனி குடுத்த கடுதாசிய வாங்கி வச்சுக்கிட்டாக. இதைக் கொஞ்சம் கவனிச்சு வச்சுக்கங்க. இவுக வேலை பாத்த எடத்துல ஆளக் குறைச்சு, இவுகளையும் அனுப்பிட்டாக. ஆக, இப்ப மூணு பேரு கார்டும் என்னோட அந்த ஒத்தக் கடுதாசியிலதான் நிக்குது. புதுக் கார்டு கைக்கு வர்ற வரைக்கும் என் வேலை போயிறக் கூடாது.

3

அதே வாரம் ஊர்ல இருந்து போன் வந்துச்சு. மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

"அண்ணமிண்டி, பக்கத்தைக் காணம்!"

அண்ணமிண்டின்னா அண்ணி, எங்க வீடுகள்ல அப்படித்தான் கூப்பிடுவாக. பேசுனது கண்ணாடிச் சொக்கு. ஏழு சொக்கலிங்கத்துல ஊரோட இருக்கிற ஒரே ஆளு இவருதான், காரைக்குடியில கண்ணாடிக் கடை வச்சுருக்காரு. மத்த ஆறு பேருல ஒருத்தரு என் வீட்டுக்காரரு. மிச்சம் அஞ்சு பேரும் பினாங்கு, துபாய், சிட்னி, டொராண்டோ, நைரோபின்னு செதறிக் கெடக்காக. ஆளுக்கொரு பட்டப்பேரு உண்டு. நான் இவுக பேரைச் சொல்லாம 'இவுக'ங்கிறது வெக்கத்துல இல்ல. பேரைச் சொன்னா ஏழு பேரு திரும்பிப் பாப்பாக, அதுக்குத்தான்.

விசயம் இதுதான். எங்க ஊரு அமராவதிபுதூருக்கு அங்குட்டு. அங்க ஒரு ஊருணி. மழைத்தண்ணி வந்து விழுகிற வரத்துக்காலுக்கு நடுவுல மூணு வருசத்துக்கு முன்னாடி ஒரு கல்யாண மண்டபம் வந்துச்சு. மண்டபத்துச் சுவரு காலை மறிச்சு நிக்குது. மழை பேஞ்சா ரோட்ல வெள்ளம், ஊருணியில புழுதி. கேட்டா, 'இங்க வரத்துக்கால்னு ஒண்ணு இருந்ததே இல்லை'ன்னாரு மண்டபத்துக்காரரு. கண்ணாடிச் சொக்கு இணையத்துல ஒரு பக்கம் தொடங்குனாரு: 'ஊருணிக்கு வழி விடுங்க'. பழைய போட்டோ, சர்வே படம், ரோட்ல தண்ணி ஓடுற வீடியோன்னு எல்லாத்தையும் அதுல ஏத்துனாரு. நேர்ல பேசப் பயந்த சனமெல்லாம் அங்க வந்து எழுத ஆரம்பிச்சுச்சு. 'எங்க கல்யாணத்துலகூட அந்தக் கால்லதான் கால் கழுவுனோம்'னு ஒரு அம்மா எழுதியிருந்தாக. காந்தி ஜெயந்தி அன்னைக்குக் கிராம சபை. அதுல தீர்மானம் போட்டு, ஐப்பசி மழைக்கு முன்னாடி காலைத் தொறந்துறணும். அதுக்கு நாலே நாள் இருக்கு, பக்கத்தைக் காணம்.

"போட்டோவெல்லாம் போன்ல இருக்குல்ல?"

"எடம் பத்தலைன்னு அழிச்சுட்டேன் அண்ணமிண்டி. அதான் பக்கத்துல பத்திரமா இருக்கேன்னு."

"நல்லா வச்சீக பத்திரம்!"

"அதைவிடக் கூத்து ஒண்ணு. மண்டபத்துக்காரரு ஊரு பூராச் சொல்லிக்கிட்டுத் திரியுறாரு, 'வெளிநாட்டுக் கம்பெனியே இவுகளைப் பொய்யுன்னு மூடிட்டான், அவனுக்குத் தெரியாதா'ன்னு. டீக்கடையில ரெண்டு பேரு என் மூஞ்சியவே பாக்க மாட்டேங்குறாக."

நாங்க 'எடு'ன்னு அமுக்குனா ஒரு பதிவு மறையுதுன்னுதான் நெனச்சுருந்தேன். போட்ட ஆளு பொய்யன்னு ஒரு முத்திரையும் சேத்துக் குத்துறோம்னு அன்னைக்குத்தான் உறைச்சுச்சு. அந்தக் கால்ல தண்ணி ஓடுச்சுங்கிறதுக்கு ஊரே சாட்சி. ஆனா ஏழு கடலுக்கு இங்குட்டு இருக்கிற ஒரு கட்டடம் இல்லைன்னு சொன்னா, ஊருக்கே சந்தேகம் வந்துருது.

"சரி, கடைசியா என்ன பண்ணீக? மறைக்காமச் சொல்லுங்க."

மெதுவா வெளிய வந்துச்சு. ஆதரவு நெறைய இருக்கிற மாதிரி தெரியணும்னு இவரு கேக்க, சிட்னிச் சொக்கு குடும்பக் குரூப்புல ஒரு வாசகம் எழுதி அனுப்பியிருக்காரு. ஏழு பேருல மூத்தவரு எழுதுனது, அதுல ஒரு எழுத்தை மாத்தலாமா? மாத்தல. ஏழு பேரும் அப்படியே ஒட்டுனாக. எல்லாரும் ஒரே பத்து நிமிசத்துல. வாசகத்துக்கு அடியில 'இதை அப்படியே காப்பி பண்ணிப் போடவும்'னு எழுதியிருந்தாரு. அந்த வரியவும் சேத்து ஒட்டிட்டாக. ஏழு பேருக்கும் ஒரே பேரு. ஏழு பேரும் போன வருசம் ஐயாவோட நூறாவது பிறந்த நாளுக்கு அவர் படத்தை முகப்புப் படமா வச்சு, இன்னும் மாத்தல. ஏழு நாடு, ஒரே மீசை.

"ஏங்க, நீங்களுமா ஒட்டுனீக?"ன்னு வீட்டுக்கு வந்து கேட்டேன். இவுக சோபாவுல உக்காந்துக்கிட்டு, "அண்ணன் சொன்னாரு, ஒட்டுனேன். இப்ப என் கணக்கும் போச்சு. கிரிக்கெட் ஸ்கோர் பாக்க முடியல" அப்படின்னாக.

வள்ளியம்மை பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. "அம்மா, நானா இருந்தாலும் எடுத்திருப்பேன். நீங்க எல்லாரும் ரோபோ மாதிரி இருக்கீங்க."

4

குடும்பக் குரூப்புல அன்னைக்கே ஆரம்பிச்சுட்டாக. "உமையா நெனச்சா ஒரு நொடி வேலை." "உள்ளுக்குள்ள இருந்துக்கிட்டு ஊருக்கு ஒரு உதவி இல்ல." பினாங்குச் சொக்கு, "அண்ணமிண்டிக்கு மனசு வரல"ன்னு ஒரு அழுகுற பொம்மையப் போட்டாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். 'இருக்கட்டும்'ங்கிற பட்டன் என் கைக்கடியிலதான் இருக்கு, நெசந்தான். மறுபரிசீலனைக்கு வந்தா, தமிழ்ல நாங்க நாலே பேரு, பாதி நேரம் என்கிட்டதான் வந்து விழுகும். ஆனா சொந்தக்காரவுக விசயத்தைத் தொட்டோம்னா அன்னைக்கே வேலை காலி. வேலை போனா கடுதாசி போச்சு, கடுதாசி போனா மூணு பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். "நாங்க வந்து உங்க வீட்ல உக்காரவா?"ன்னு எழுதுனேன்.

மறுநாள் நேரா எங்க குழுத் தலைவன் ஜுவாவ்கிட்ட போனேன். அவனுக்குத் தமிழ்ல ஒரு எழுத்துத் தெரியாது. தமிழ்ப் பதிவுகளுக்கு அவன்தான் தலைவன், என்னத்தச் சொல்ல. "இது என் வீட்டுக்காரர் குடும்பம். நான் தொட மாட்டேன். ஆனா இது போலி இல்ல"ன்னு ஆரம்பிச்சு, வழக்கத்தைப் பூராச் சொன்னேன். அவன் ஏழு படத்தையும் வரிசையா வச்சுப் பாத்தான். "தாத்தாவுக்கு நல்ல மீசை"ன்னான். அப்புறம் எந்திரிச்சு நின்னு, "ஜுவாவ்!"னு கூப்பிட்டான். அந்த மாடியில மூணு தலை திரும்புச்சு.

"என்னையச் சேத்து நாலு. மெஷின் எங்களை என்ன பண்ணும்?"

"ஒரே வாசகத்த ஒட்டுனா எடுத்துரும்"னேன்.

ஒரு பக்கத்துக்கு எழுதிக் குடு, நான் கையெழுத்துப் போட்டு மேல அனுப்புறேன்னான். உக்காந்து எழுதுனேன். எங்க பக்கத்துல பேரை எப்படி வைக்கிறாக, ஒரே பேரு ஏன் வருது, மூத்தவரு எழுதுனதை ஏன் மாத்த மாட்டாக. எழுதிக்கிட்டே வந்தேன். 'ஒரே பேர், ஒரே படம், ஒரே வாசகம் என்பதால் மட்டும் அவர்கள் போலி ஆகிவிட மாட்டார்கள்' அப்படிங்கிற வரி வந்ததும் கை நின்னு போச்சு.

போன வருசம் இதே மாதிரி ஒண்ணு என்கிட்ட வந்துச்சு. ஆறு பாத்திமா. ஆறு பேரு முகப்புலயும் ஒரே ரோசாப்பூ. 'எங்கள் தெருவுக்கு வந்த டவுன் பஸ்ஸை நிறுத்தாதீர்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும்'னு ஆறு பேரும் ஒரே வாசகம். நம்ம பக்கத்து ஊர்தான், பேரு வேண்டாம். பக்கத்தையும் ஆறு கணக்கையும் 'எடு'ன்னு அமுக்குனது நான்தான். அரை நிமிசம்கூட யோசிக்கல. அந்த மாசம் வேகமா வேலை பாத்ததுக்கு எனக்கு ஒரு பாராட்டும் ஒரு பெட்டி சாக்லேட்டும் குடுத்தாக. நல்லா இருந்துச்சு, நாங்க மூணு பேரும் தின்னோம்.

காரைக்குடியில பொறந்து வளந்தவ நான். ஒரு தெருவுல ஆறு பாத்திமா இருப்பாகங்கிறது எனக்குத் தெரியாதா? என் கூடப் படிச்சவுகள்லயே மூணு பேரு. பொம்பளைக முகத்தைப் போட மாட்டாக, பூவத்தான் போடுவாகங்கிறதும் தெரியும். எல்லாந் தெரிஞ்சுதான் அமுக்கினேன். கார்டு ஆபீசு அம்மாகூட என்னைய ஒரு கேள்வி கேட்டாக, யாரு நெசமான சொக்கலிங்கம்னு. நான் அந்தப் பாத்திமாக்களைக் கேக்கல. வெக்கமா இருந்துச்சு.

அதையும் எழுதுனேன். தேதி, எண் எல்லாம் தேடி எடுத்து, 'இதை எடுத்தது நான், தப்பா எடுத்தேன்'னு அடியில போட்டுக் குடுத்தேன். ஜுவாவ் படிச்சுட்டு நிமிந்து பாத்தான். "இதை யாரும் உன்கிட்ட கேக்கலையே. உன் பேருக்கு நேரா ஒரு தப்புன்னு பதிவாகும். இந்த நேரத்துல அது நல்லதா?"

எனக்குக் கார்டு ஞாபகம் வந்துச்சு, மக ஞாபகம் வந்துச்சு. பயமாத்தான் இருந்துச்சு. "அனுப்பு"ன்னுட்டேன்.

5

கிராம சபை அன்னைக்குக் காலையில ஊருணிப் பக்கம் திரும்ப வந்துருச்சு. மன்னிப்பெல்லாம் கெடையாது. 'மறுபரிசீலனைக்குப் பின் மீண்டும் செயல்படுகிறது', அம்புட்டுத்தான். இம்புட்டுச் சீக்கிரம் வந்ததே அதிசயம். அதுக்கும் ஜுவாவ் மேல இருக்கிற ஒருத்தரை லிஃப்டுல மடக்கிப் பேச வேண்டியிருந்துச்சு. லிஃப்டுல மடக்குறதுக்கு ஆள் இல்லாதவுக எல்லாம் என்ன பண்ணுவாக?

கூட்டத்துல நடந்ததைக் கண்ணாடிச் சொக்கு போன்ல சொன்னாரு. மண்டபத்துக்காரரு எந்திரிச்சு, பக்கம் மூடிக் கெடந்தப்ப எடுத்த படத்தைத் தூக்கிக் காட்டியிருக்காரு. "பாத்துக்கங்க. சொக்கலிங்கம் சொக்கலிங்கம்னு ஏழு பேரு. ஏழும் போலின்னு கம்பெனியே சொல்லிட்டான்."

அப்பப் பின்னாடி இருந்து சமையல்காரக் கருப்பையா எந்திரிச்சுருக்காரு. "போலிங்களா? அப்ப ஏழு கல்யாணத்துக்கும் நான் பொங்கிப் போட்டது யாருக்குங்க? ஆறு வீட்ல வாங்கித் தின்னதுக்கு நீங்களே சாட்சி. ஏழாவது கல்யாணத்துல உங்களுக்குப் பாயாசம் பத்தலைன்னு சண்டை போட்டீகளே, மறந்துட்டீகளா?"

கூட்டம் சிரிச்ச சிரிப்புல ஒலிபெருக்கி ஊஊன்னு கத்துச்சாம். அப்புறம் கண்ணாடிச் சொக்கு வீடியோவப் போட்டுக் காட்டியிருக்காரு. தீர்மானம் ஆச்சு. சர்வேயர் வந்து அளந்து, சுவத்துல ஆறடிய இடிச்சு, அடியில பெரிய குழாயப் பதிச்சுட்டாக. ஐப்பசியில பேஞ்ச முதல் பெரு மழையில ஊருணிக்கு நாலு படி தண்ணி. ஏழு சொக்கலிங்கமும் அந்தப் படத்தை எடுத்து முகப்புல வச்சுக்கிட்டாக. திருந்துற சென்மமா அது? ஏழு பேரு, ஒரே ஊருணி. நான் தலையில அடிச்சுக்கிட்டேன்.

எனக்கும் கார்டு வந்துருச்சு. என் பேருக்கு நேரா ஒரு தப்புன்னு பதிவாகி, ரெண்டு நாள் பயிற்சின்னு உக்கார வச்சாக. பயிற்சியில மெஷின்தான் பாடம் எடுத்துச்சு. வேலை போகல.

6

பாத்திமாக்கள் பக்கம் தொறக்க ஆறு வாரம் ஆச்சு. தொறந்த அன்னைக்கே போயிப் பாத்தேன். எல்லாம் அப்படியே இருக்கு, ரோசாப்பூவும்தான். கடைசிப் பதிவு போன வருசத்தோடது: 'வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மனு கொடுக்கப் போகிறோம். எல்லாரும் வந்துருங்க.' அந்த வெள்ளிக்கிழமை போயி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. எத்தனை பேரு போனாகளோ, பஸ்ஸு இப்ப வருதோ இல்லையோ, அந்தப் பிள்ளைக பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போச்சோ நின்னுருச்சோ, எனக்குத் தெரியாது. ஒரு வரி எழுதி விசாரிக்கலாம்னு கை போச்சு. எங்க விதியில அதுக்கு எடமில்ல.

ரெண்டு நாள் கழிச்சு, வேலைக்கு உக்காந்த கொஞ்ச நேரத்துல ஒண்ணு வந்து விழுந்துச்சு. வசவுச் சொல்லு இருக்குன்னு மெஷின் புடிச்சு அனுப்புனது. ரோசாப்பூ.

'அடியே, நம்ம பக்கம் வந்துருச்சுடி! எந்த மூதேவி மூடுச்சோ, அந்தக் கை வெளங்குமா? மெனக்கெட்டு அஞ்சு தெரு ஏறி எறங்கி ஆளுகளைக் கூட்டிட்டுப் போயித்தான் மனு குடுத்தோம். பஸ்ஸு காலையில மட்டும் வருது. சாயங்கால பஸ்ஸுக்கு மறுபடியும் போகணும். வாங்கடி!'

ரெண்டு தரம் படிச்சேன். மூதேவின்னா வசவுதான், விதிப்படி எடுக்கணும். ஆனா அதே விதியில, ஆளைக் குறிப்பாச் சொன்னாத்தான் வசவு, யாருன்னு தெரியாம வஞ்சா குத்தமில்லைன்னும் இருக்கு. அவுக யாரை வையுறாகன்னு இந்தக் கட்டடத்துல எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

'இருக்கட்டும்'னு அமுக்குனேன்.